டிசம்பர் 30 மேடைக்குச் சிறைக்குள் இருந்தவர்களையும் அழையுங்கள்: அந்தமான் நிர்வாகத்துக்கும் விழா நடத்தும் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மாண்புமிகு துணைநிலை ஆளுநர் அவர்களுக்கும், கல்வித் துறை, பண்பாட்டுத் துறை அலுவலர்களுக்கும், ஆண்டுதோறும் டிசம்பர் 30 அன்று நேதாஜியின் வருகை நாளை எடுத்து நடத்தும் ஊர்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சிறுவனாக இருந்தபோது பெற்றோருடன் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி இத்தீவுக்கு வந்தவன் நான். இங்கேயே படித்து, இங்கேயே ஆசிரியராகி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்குத் தமிழும் வரலாறும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றிருக்கிறேன். பணியில் இருந்த காலம் முழுவதும் டிசம்பர் மாதக் கடைசி வாரத்தில் மாணவர்களை அணிவகுத்து அழைத்துச் சென்று கொடியேற்றத்தின்போது நிற்கவைத்திருக்கிறேன். அந்த நாளின் மீது எனக்குள்ள பற்று அப்படி வளர்ந்தது. அந்தப் பற்றினால்தான் இந்த மடலையும் எழுதுகிறேன். விழாவைக் குறைக்கச் சொல்லி எழுதவில்லை. விழாவில் இதுவரை உரிய இடம் பெறாத சிலரை அதன் நடுவே அமர்த்தும்படி வேண்டி எழுதுகிறேன்.

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை நிறுவிய சுபாஷ் சந்திர போஸ், அதற்கடுத்த மாதம் டோக்கியோவில் நடந்த கிழக்காசிய மாநாட்டுக்குச் சென்றார். அங்கே ஜப்பானியப் பிரதமர் தோஜோ, தம் படை பிடித்து வைத்திருந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தற்காலிக அரசிடம் ஒப்படைப்பதாக அறிவித்தார். டிசம்பர் 29 அன்று நேதாஜி போர்ட் பிளேர் வந்து இறங்கினார். எதிரே ராஸ் தீவில், முன்பு ஆங்கிலேய ஆணையர் குடியிருந்த மாளிகையில் தங்கினார். செல்லுலார் சிறையைப் பார்வையிட்டார். மறுநாள், டிசம்பர் 30 அன்று, ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அந்தமானுக்கு ‘ஷஹீத்’ என்றும் நிக்கோபாருக்கு ‘ஸ்வராஜ்’ என்றும் பெயர் சூட்டினார். முன்னது தியாகி என்று பொருள்படும், பின்னது தன்னாட்சி என்று பொருள்படும். இவ்வளவையும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நான்காம் வகுப்பிலேயே மனப்பாடமாகச் சொல்வார்கள்.

பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்டில் சிறை முதலில் விடுபட்டதுபோல, நம் தேசபக்தர்கள் வதைபட்ட அந்தமான் முதலில் விடுபட்டிருக்கிறது என்று நேதாஜி சொன்னதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிறையின் நீண்ட கதை கண்முன் வருகிறது. 1858-இல் இங்கே கைதிக் குடியேற்றம் தொடங்கியது. செல்லுலார் சிறையின் கட்டுமானம் 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. நடுவே கோபுரம், அதிலிருந்து ஏழு பக்கமும் கிளைத்த ஏழு கட்டடங்கள், ஓர் அறையில் இருப்பவர் அடுத்த அறையில் இருப்பவரைப் பார்க்க முடியாத அமைப்பு. 1933-இல் நடந்த உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். 1937-இல் மறுபடியும் ஓர் உண்ணாவிரதம் நடந்த பிறகே அரசியல் கைதிகளைத் தாயகத்துக்கு அனுப்பும் வேலை தொடங்கி, 1938-இன் தொடக்கத்தில் முடிந்தது. ஆகவே நேதாஜி அந்தச் சிறையில் கால் வைத்தபோது, யாருடைய துன்பத்தை நினைத்து அவர் நெஞ்சம் கசிந்ததோ அந்த வங்காள, பஞ்சாப் புரட்சியாளர்கள் அங்கிருந்து போய் ஆறு ஆண்டுகள் ஆகப் போகும் நிலை.

ஆனால் சிறை காலியாக இருக்கவில்லை. நான் இந்த மடலை எழுதுவதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது.

நேதாஜி பார்வையிட்ட அதே நாளில் அந்த மதில்களுக்குள் இத்தீவின் சொந்த மக்கள் அடைபட்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் டாக்டர் திவான் சிங். மருத்துவர், பஞ்சாபி மொழியில் புதுக்கவிதைக்கு வழி திறந்த கவிஞர், இத்தீவில் இயங்கிய இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைவர். நேதாஜி கிழக்காசியா முழுவதிலும் எந்தச் சங்கத்தின் தோள்மேல் தம் அரசை நிறுத்தினாரோ, அதே சங்கத்தின் தலைவர். 1943 அக்டோபரில், சிங்கப்பூரில் தற்காலிக அரசு பிறந்த அதே வாரத்தில், உளவாளி என்ற பொய்க் குற்றச்சாட்டில் ஜப்பானியர் அவரைக் கைது செய்தார்கள். எண்பது நாள்களுக்கும் மேலாக நடந்த சித்திரவதையைத் தாங்கிக்கொண்டு, தாம் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 1944 ஜனவரி 14 அன்று அவர் இறந்தார். தமிழர்களாகிய நாம் பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றும் நாள் அது. ஒவ்வோர் ஆண்டும் எங்கள் வாசலில் கோலம் போடும்போது இந்த நினைவு வராமல் போனதில்லை.

அடுத்து ஜனவரி 30. சிறையிலிருந்து லாரிகளில் ஏற்றப்பட்ட 44 பேர் ஊருக்கு வெளியே ஹம்ஃப்ரிகஞ்சுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே சுட்டுக் கொல்லப்பட்டு, ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதே சுதந்திரச் சங்கத்தினர். படித்தவர்கள், அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள், ஊர்ப் பொதுக்காரியங்களில் முன்நின்றவர்கள். ஜிம்கானா மைதானத்தில் நம் கொடி ஏறிய நாளுக்கும் இவர்கள் குழிக்குள் விழுந்த நாளுக்கும் இடையே ஒரு மாதம், ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இது எப்படி நேர்ந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டும். ஜப்பானியர் 1942 மார்ச் 23 அன்று இத்தீவைப் பிடித்தார்கள். சில நாள்களுக்குள்ளேயே, வீடுகளுக்குள் புகுந்து தொல்லை கொடுத்த படையினரை விரட்டக் காற்றுத் துப்பாக்கியால் சுட்ட சுல்ஃபிகர் அலி என்னும் இளைஞரை ஊர் நடுவே, மக்கள் பார்த்திருக்க, கொடுமைப்படுத்திக் கொன்றார்கள். ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை வந்துவிட்டது என்று நம்பத் தொடங்கிய ஊர் அன்றே வாயடைத்துப் போனது. பின்னர் ஜப்பானியக் கப்பல்கள் நேச நாட்டு நீர்மூழ்கிகளால் தாக்கப்படத் தொடங்கியதும், யாரோ உள்ளிருந்து செய்தி அனுப்புகிறார்கள் என்ற சந்தேகம் பற்றிக்கொண்டது. முன்பு இதே ஊரில் காவல்துறை அதிகாரியாக இருந்த மெக்கார்த்தி என்ற ஆங்கிலேயர் தலைமையில் ஒரு சிறு குழு 1943-இல் நீர்மூழ்கியில் வந்து இறங்கி, காட்டுக்குள் மறைந்திருந்து தகவல் திரட்டிச் சென்றது. செய்தி அனுப்பியவர்கள் அங்கே இருக்க, அடியும் உதையும் வாங்கியவர்கள் பஜாரில் இருந்த குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் மருத்துவர்களுமாக இருந்தார்கள். ஒருவரை அடித்து அவர் வாயிலிருந்து இன்னொரு பெயரை வரவழைப்பது, அந்த இன்னொருவரை அடித்து மூன்றாவது பெயரை வரவழைப்பது. வழக்கு வழக்காக அப்படித்தான் வளர்ந்தது.

இதையெல்லாம் டிசம்பர் 30 விழாவில் பேசினால் நேதாஜியின் பெருமைக்குக் குறை வந்துவிடுமோ என்று விழாக் குழுவிலுள்ள நண்பர்கள் சிலர் என்னிடம் தயங்கியதுண்டு. அந்தத் தயக்கம் அன்பினால் வருவது என்பதை அறிவேன். என் கருத்து வேறு. அந்த வருகையின்போது ஜப்பானிய அதிகாரிகள் அவரைச் சூழ்ந்தே இருந்தார்கள். தீவு மக்கள் தனியாக அவரை அணுகித் தம் குறையைச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. எங்கிருந்தோ வந்து தங்கள் மைதானத்தில் தங்கள் கொடியை ஏற்றும் தலைவரைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டு, தங்கள் தந்தையும் அண்ணனும் அதோ அந்த மதிலுக்குள் கிடக்கிறார்கள் என்று சொல்ல நாவெழாமல் அந்தக் கூட்டத்தில் நின்றவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் கொடியை வணங்காமல் இருந்தார்களா? வணங்கினார்கள். அந்த வணக்கத்தின் கனத்தை நாம் இன்னும் முழுதாக உணரவில்லை என்றே நினைக்கிறேன். வருகை தந்தவரின் வரலாற்றை மட்டும் சொல்லி, வரவேற்றவர்களின் வரலாற்றை விட்டுவிட்டால், இந்த ஊரில் அந்த நாளைக் கொண்டாடுவதற்கும் வேறெந்த ஊரிலும் கொண்டாடுவதற்கும் வேறுபாடு என்ன?

மணிப்பூரின் மொய்ராங்கை எண்ணிப் பார்க்கிறேன். 1944 ஏப்ரல் 14 அன்று இந்திய தேசிய ராணுவத்தின் கர்னல் ஷௌகத் மாலிக் அங்கே கொடியேற்றினார். அங்குள்ள நினைவகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் படையைப் பற்றிப் பேசுவதோடு நிறுத்துவதில்லை. படைக்கு இடமும் சோறும் கொடுத்த மொய்ராங் மக்களையும், பின்னாளில் மணிப்பூரின் முதலமைச்சரான கொய்ரேங் சிங் போன்றவர்களையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஊர் மக்கள் அந்தக் கதையின் உள்ளே இருக்கிறார்கள். நம் தீவில் ஊர் மக்கள் கைதட்டும் கூட்டமாக மட்டும் நிற்கிறார்கள்.

சங்கப் பொறுப்பாளர்களிடம், குறிப்பாக நம் தமிழ்ச் சங்கத்தாரிடம், கர்னல் லோகநாதனைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன். ஆற்காடு துரைசாமி லோகநாதன் தமிழர், மருத்துவர், இந்திய தேசிய ராணுவத்தின் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர், தற்காலிக அரசின் அமைச்சரவையில் படையின் சார்பாக இடம் பெற்றவர். நேதாஜி தாம் வந்து போனதோடு விட்டுவிடாமல், இத்தீவுகளின் தலைமை ஆணையராக அவரை நியமித்து 1944 பிப்ரவரியில் அனுப்பிவைத்தார். ‘அந்தமானின் முதல் இந்திய ஆளுநர் ஒரு தமிழர்’ என்று நம் மேடைகளில் பெருமையோடு சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். கைதட்டல் அடங்கியதும் அடுத்த பேச்சாளரை அழைத்துவிடுகிறோம். அவருடைய கதையில் நாம் உண்மையில் தலைவணங்க வேண்டிய பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஹம்ஃப்ரிகஞ்ச் குழியில் மண் காய்வதற்குள் அவர் இங்கே வந்து சேர்ந்தார். ஊர் அச்சத்தில் உறைந்து கிடந்தது. ஒப்படைப்பு என்று டோக்கியோவில் அறிவித்தவர்கள், இங்கே ஆட்சியின் உயிர்நாடியான காவல்துறையை அவரிடம் தர மறுத்தார்கள். போர் முடியும்வரை பாதுகாப்பு தங்கள் கையில்தான் என்றார்கள். கல்வித் துறையை மட்டும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த நிலையில் வேறொருவராக இருந்தால் பதவிப் பெயரை ஏற்று, மாளிகையில் குடியிருந்து, அறிக்கைகளில் கையெழுத்திட்டு வெளியுலகுக்கு எல்லாம் நலம் என்று காட்டியிருக்கலாம். லோகநாதன் அப்படிச் செய்யவில்லை. காவல்துறை கைக்கு வராமல், மக்களைக் கைது செய்யும் அதிகாரம் வேறொருவரிடம் இருக்க, ஆட்சிப் பொறுப்பைத் தாம் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல அவர் உடன்படவில்லை. உளவு வழக்குகளின் பெயரால் மக்கள் வதைக்கப்படுவது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதைத் தடுக்கும் ஆற்றல் தம்மிடம் இல்லை என்பதும் தெரிந்தே இருந்தது. சில மாதங்கள் பொறுத்துப் பார்த்து, உடல்நலமும் குன்றி, அதே ஆண்டிலேயே தீவைவிட்டுப் போனார்.

1945 ஏப்ரலில் நேதாஜி ரங்கூனைவிட்டு வெளியேற நேர்ந்தபோது, அந்நகரத்து இந்தியர்களின் உயிருக்கும் உடைமைக்கும் காவலாகச் சில ஆயிரம் வீரர்களை நிறுத்தி, அவர்களுக்குத் தலைவராக விட்டுச் சென்றது இந்த லோகநாதனைத்தான். ஜப்பானியர் போய், ஆங்கிலேயர் வந்து சேராத இடைப்பட்ட நாள்களில் ரங்கூனில் கொள்ளையும் கொலையும் பரவாமல் காத்தது அந்தப் படை. போர்ட் பிளேரில் அவருக்கு மறுக்கப்பட்ட காவல் பொறுப்பை ரங்கூனில் அவர் எப்படி நிறைவேற்றினார் என்பதைப் பார்க்கும்போது, இங்கே அது அவர் கையில் கிடைத்திருந்தால் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. பெயரளவு அதிகாரத்துக்கும் உண்மையான பொறுப்புக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து நடந்த அந்த மனிதரின் முழுக் கதையை நம் பிள்ளைகள் கேட்க வேண்டும். அதைச் சொல்வதென்றால் ஹம்ஃப்ரிகஞ்சைச் சொல்லாமல் முடியாது. நேதாஜியின் அரசு இத்தீவு மக்களைப் பற்றிக் கவலைப்பட்டது என்பதற்கு லோகநாதனின் மறுப்பைவிட வலுவான சான்று இருப்பதாக நான் அறியவில்லை.

போரின் கடைசி ஆண்டைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதை நீட்டி எழுத எனக்கு மனம் வருவதில்லை. கடல் வழி அடைபட்டு உணவு வரத்து நின்றது. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அதன் இலையும் உணவாயின. எங்கள் தெருவில் வாழ்ந்து மறைந்த ‘லோக்கல் பார்ன்’ (போருக்கு முன்பிருந்தே இத்தீவில் பிறந்து வளர்ந்தவர்கள்) குடும்பத்து மூதாட்டி ஒருவர், தம் வாழ்நாளின் இறுதிவரை அந்தக் கிழங்கைச் சமையலறைக்குள் விடவில்லை. லம்பா லைனில் இன்று பயணிகள் வந்திறங்கும் விமான ஓடுதளத்தின் தொடக்கம், அன்று மக்களைக் கட்டாயமாக வேலை வாங்கிப் போட்ட தளம்தான். 1945 ஆகஸ்டில், சரணடைவுக்குச் சில நாள்களே இருந்தபோது, உணவு தேட ஆள் வேண்டும் என்று சொல்லி நூற்றுக்கணக்கானோரைப் படகேற்றி ஹேவ்லாக் தீவருகே இரவில் கடலில் தள்ளினார்கள். நீந்திக் கரையேறியவர்களும் பட்டினியில் மடிந்தார்கள். உயிரோடு திரும்பி வந்து நடந்ததைச் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிக்கோபாரிலும் அதே காலத்தில் அதே பழி சுமத்திப் பலர் கொல்லப்பட்டனர். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மயிரிழையில் தப்பினார். அக்டோபரில், நேதாஜி கொடியேற்றிய அதே ஜிம்கானா மைதானத்தில்தான் ஜப்பானியத் தளபதி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். ஒரே மைதானம், இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு காட்சிகள்.

2018-ஆம் ஆண்டு, வருகையின் 75-ஆவது ஆண்டு நிறைவில், பிரதமர் நேரில் வந்து 150 அடி உயரக் கம்பத்தில் கொடியேற்றினார்; நினைவு அஞ்சல் தலையும் 75 ரூபாய் நாணயமும் வெளியாயின; ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும், நீல் தீவு ஷஹீத் தீவாகவும், ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும் பெயர் பெற்றன. 1857 எழுச்சியை நசுக்கிய ஆங்கிலேயத் தளபதியின் பெயரை எங்கள் தீவு ஒன்று சுமந்திருந்த நிலை அன்று நீங்கியது. அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அத்துடன் ஒன்றையும் சொல்ல வேண்டும். இன்று ஸ்வராஜ் தீவுக்கு ஆண்டு முழுவதும் கப்பல் கப்பலாகப் பயணிகள் வருகிறார்கள். பவளப்பாறைகளைப் பார்க்கக் கடலுக்குள் இறங்குகிறார்கள். அந்தக் கடலில்தான் 1945-இல் நம் மக்கள் மூழ்கினார்கள். நேதாஜி தந்த பெயரைத் தாங்கும் தீவில், அவரை வரவேற்ற ஊரின் மக்கள் மூழ்கிய கடல் எது என்று படகுத்துறையில் இறங்குபவரின் கண்ணில் படும்படி நல்ல கல்லில், எல்லா மொழியிலும் எழுதி நிறுத்துங்கள்.

நிர்வாகத்திடமும் சங்கங்களிடமும் நான் வேண்டுவது பெரும் பொருட்செலவில் முடிகிற காரியமில்லை. டிசம்பர் 30-இல் தொடங்கி ஜனவரி 30 வரையுள்ள ஒரு மாதத்தை ஒரே நினைவேந்தலாகக் கருதும்படி கேட்கிறேன். கொடியேற்றம் அதன் முதல் நாள். ஜனவரி 14 டாக்டர் திவான் சிங்கின் நாள். அவர் பெயர் தாங்கிய குருத்வாரா இந்த ஊரிலேயே இருக்கிறது, பொங்கலன்று மாலை அங்கே நாம் எல்லோரும் போய் நிற்கத் தடை ஒன்றுமில்லை. ஜனவரி 30 ஹம்ஃப்ரிகஞ்ச் நாள். அன்று பலிபீட நினைவுச் சின்னத்தருகே ஆண்டுதோறும் மக்கள் கூடத்தான் செய்கிறார்கள். ஆனால் டிசம்பர் விழாவுக்கு வரும் பேருந்துகளும் பள்ளி அணிகளும் ஒலிபெருக்கிகளும் அங்கே வருவதில்லை. காந்தியடிகள் மறைந்த நாளும் அதுவே என்பதால் காலை 11 மணிக்கு நாடெங்கும் மௌனம் காக்கப்படுகிறது. அந்த மௌனத்தை நம் தீவுப் பள்ளிகளில் காக்கும்போது, அந்த 44 பேருக்கும் சேர்த்தே காக்கிறோம் என்று தலைமையாசிரியர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் மீதியைக் கேட்பார்கள்.

டிசம்பர் 30 மேடையில், கொடி ஏறி நாட்டுப்பண் முடிந்ததும், அன்று சிறைக்குள் இருந்து பின்பு கொல்லப்பட்டவர்களின் பெயர்களை வாசியுங்கள். நாற்பத்து நான்கு பெயர்களை நிதானமாக வாசித்தாலும் ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது. அவற்றை வாசிப்பது அலுவலராக இருக்க வேண்டாம். பள்ளி மாணவர்கள் வாசிக்கட்டும். இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர், வங்காளி, பஞ்சாபி, தென்னாட்டவர் என்று அத்தனை வகைப் பெயர்களையும் ஒரே குரலில் கேட்கும்போது, இத்தீவு எப்படிப்பட்ட மக்களால் ஆனது என்பதைப் பிள்ளைகள் தாமாகவே தெரிந்துகொள்வார்கள். செல்லுலார் சிறைக்கு வரும் பயணிகளுக்கு ஆங்கிலேயர் காலக் கொடுமைகள் விரிவாகச் சொல்லப்படுகின்றன. அதே அறைகளில் 1942 முதல் 1945 வரை நடந்தவற்றுக்கும் அதே அளவு நேரமும் சுவரும் ஒதுக்குங்கள். மாலையில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியிலும் அந்த மூன்றரை ஆண்டுகளுக்கு உரிய பங்கு கொடுங்கள். கர்னல் லோகநாதனுக்கும் அந்தச் சுவரில் இடம் வேண்டும்.

கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள், அவசரமானதும்கூட. அன்று ஜிம்கானா மைதானத்தில் பத்து வயதுச் சிறுவராகவோ சிறுமியாகவோ நின்றவர் இன்று இருந்தால் அவருக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல். இத்தீவில் ‘ப்ரீ-42’ என்றே ஒரு மக்கள் பிரிவை அரசு ஆவணங்களில் அழைக்கிறோம். போருக்கு முன்பே இங்கே வாழ்ந்தவர்கள், அவர்கள் வழி வந்தவர்கள் என்று பொருள். சான்றிதழ் வாங்க மட்டும் நினைவுக்கு வரும் அந்த ஆண்டு, அந்தக் குடும்பங்களுக்குள் என்னவாக இருந்தது என்று நாம் கேட்டதுண்டா? தாத்தா சொன்னது, பாட்டி சொல்லாமல் அழுதது, டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் ஒரு கடிதம், ஒரு புகைப்படம், இவற்றையெல்லாம் மேல்நிலை வகுப்பு மாணவர்களைக் கொண்டே பதிவு செய்யலாம். ஒவ்வோர் ஆண்டும் ‘நேதாஜியின் வீரம்’ என்ற ஒரே தலைப்பில் கட்டுரைப் போட்டி நடத்துகிறோம். நானும் பல ஆண்டுகள் நடுவராக இருந்திருக்கிறேன். ஒரே கட்டுரையையே நூறு கையெழுத்துகளில் திருத்தியிருக்கிறேன். ஓர் ஆண்டு மட்டும் ‘1943-இல் எங்கள் தெரு’ என்று தலைப்பு கொடுத்துப் பாருங்கள். உள்ளூர் இந்துஸ்தானி, வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளம், கரேன், நிக்கோபாரி என எந்த மொழியில் நினைவு இருக்கிறதோ அந்த மொழியிலேயே பதிவாகட்டும்.

எங்களைப் போலப் போருக்குப் பின் குடியேறியவர்களுக்கு இதில் என்ன என்று யாரேனும் கேட்கலாம். தமிழர்கள் இன்று இத்தீவுகளின் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. எங்களில் பலர் வேலை தேடி வந்தோம். சிலர் இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறினார்கள். நேதாஜியின் படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சேர்ந்தார்கள் என்பதால் அவர் பெயரைச் சொன்னாலே எங்கள் வீடுகளில் ஒரு நெருக்கம் உண்டு. அவரை எங்களவராக ஏற்றுக்கொண்டவர்கள், அவரை வரவேற்ற இந்த ஊரின் இறந்தவர்களையும் எங்களவராக ஏற்றுக்கொள்வதுதான் முறை. வந்த வீட்டின் பெரியவர்களுக்கு விளக்கேற்றாமல் நம் விருந்தாளிக்கு மட்டும் மாலை போடுவது நம் வழக்கத்தில் கிடையாது.

கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள், இதை வரும் விழாவிலேயே நிறைவேற்ற முடியும். மைதானத்தில் முன்வரிசை நாற்காலிகளில் சீட்டு ஒட்டிவைப்பது வழக்கம். இம்முறை அதில் ஒரு பாதியை, 1942-45 காலத்தில் சிறையிலும் ஹம்ஃப்ரிகஞ்சிலும் ஹேவ்லாக் கடலிலும் தம்மவரை இழந்த குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள். அவர்களில் பலர் அபர்டீன் பஜாரிலும் ஹாடோவிலும் டெலனிப்பூரிலும் நமக்கு அடுத்த தெருக்களில்தான் இருக்கிறார்கள். அழைப்பிதழை அஞ்சலில் அனுப்பாமல், சங்கப் பொறுப்பாளர்கள் வீட்டுக்கே போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். வயதானவர்களை அழைத்துவர வண்டி வேண்டுமென்றால் எங்கள் தெரு இளைஞர்கள் ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்று காலை ஏழு மணிக்கே மைதான வாசலில் நான் நிற்பேன். வருகிறவர்களைக் கைப்பிடித்து நாற்காலிவரை கொண்டுபோய் அமர்த்தும் வேலையை எனக்குக் கொடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
போர்ட் பிளேர் என்னும் ஸ்ரீ விஜயபுரம்.